எண் சரியாகிவிட்டது என்று அப்பா நிறுத்திய மாத்திரை

கடந்த ஆடி மாதம் வந்த ரத்தப் பரிசோதனை அறிக்கையில், எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால் என்பார்களே, அது) என்ற வரிக்கு எதிரே 168 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. எனக்கு வயது 50. உடல் பருமன் இல்லை, அசைவம் சாப்பிடுவது மாதத்தில் இரண்டு மூன்று முறைதான். ஆகவே அந்த எண்ணை நான் எதிர்பார்க்கவில்லை. மருத்துவர் ஒரு மாத்திரையை எழுதிக்கொடுத்து, உணவைப் பற்றியும் நடையைப் பற்றியும் பேசிவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது மாரடைப்போ பக்கவாதமோ மறதி நோயோ உண்டா என்று கேட்டார். முதல் இரண்டும் வழக்கமான கேள்விகள். மூன்றாவதைக் கேட்டதும் எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

அங்கிருந்து நேராகப் பெங்களூர் அல்சூரில் அண்ணன் வீட்டில் இருக்கும் அப்பாவைப் பார்க்கப் போனேன். அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு கண்ணு, அப்புறம் சரியாயிடுச்சு" என்றார். ஐந்து நிமிடம் கழித்து, அது என்ன காகிதம் என்று மறுபடியும் கேட்டார்.

அப்பாவுக்கு 81 வயது. 1966-இல் வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெங்களூருக்கு வந்து, ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் 36 ஆண்டுகள் லேத் எந்திரத்தில் வேலை பார்த்தவர். கடைந்த இரும்பின் மேல் விரலை ஓட்டியே அளவு சரியா இல்லையா என்று சொல்லிவிடுவார் என அவருடன் வேலை செய்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அவருக்கு 55 வயதில் கொலஸ்ட்ரால் அதிகம் என்று தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார், எண் இறங்கியது, "சரியாகிவிட்டதே, இனி எதற்கு?" என்று தானாகவே நிறுத்திவிட்டார். மாத்திரையால்தான் எண் இறங்கியது, நிறுத்தினால் ஏறிவிடும் என்று வீட்டில் யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. எங்களுக்கும் அது தெரியாது. அதன்பின் பல ஆண்டுகள் அந்தப் பரிசோதனையை அவர் செய்துகொள்ளவே இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்த எம்ஆர்ஐ படத்தில், மூளையின் உட்பகுதியில் ஆங்காங்கே சிறு தழும்புகள் தெரிந்தன. ரத்தக்குழாய்கள் பழுதுபட்டதால் வந்த டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று சொன்னார்கள். அந்த நிறுத்திய மாத்திரைதான் இதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மனிதருக்கு நேர்ந்ததை அப்படி ஒரே காரணத்தில் அடக்க முடியாது. ஆனால் என் அறிக்கை வந்த நாள் முதல், உயர்ந்த கொலஸ்ட்ராலுக்கும் மறதி நோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் போன்ற நடுவயதுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

மறதி நோய்க்கான காரணங்களில் நம்மால் மாற்றக்கூடியவை எவை என்று லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு அவ்வப்போது ஒரு பட்டியல் வெளியிடுகிறது. 2017-இல் அதில் 9 காரணங்கள் இருந்தன. 2020-இல் 12 ஆயின. 2024-இல் 14 ஆயின. கடைசியாகச் சேர்ந்த இரண்டில் ஒன்று பார்வைக் குறைவு, மற்றொன்று நடுவயதில் எல்டிஎல் உயர்ந்திருப்பது. இந்த 14-ஐயும் முழுமையாக நீக்க முடிந்தால், உலகில் வரும் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்களுடைய கணிப்பு. அதில் எல்டிஎல்-இன் பங்கு 7 சதவீதம். இந்த 7 சதவீதத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கொலஸ்ட்ரால் உள்ள ஒருவருக்கு மறதி நோய் வர 7 சதவீத வாய்ப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. நடுவயதில் யாருக்குமே எல்டிஎல் உயராத ஓர் உலகம் இருந்தால், அங்கே மறதி நோயாளிகள் 100 பேருக்கு ஏறத்தாழ 7 பேர் குறைந்திருப்பார்கள் என்பதுதான் பொருள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கும்போது 7 சதவீதம் சிறிய எண்ணாகத் தோன்றவில்லை.

இதில் என்னை முதலில் குழப்பிய செய்தி ஒன்று உண்டு. நம் மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடலில் உள்ள மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மூளையில்தான் இருக்கிறது. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள உறைக்கு அது தேவை. அப்படியானால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடினால் மூளைக்கு நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். அப்படிச் சொல்லும் காணொளிகளும் உலவுகின்றன. உண்மை என்னவென்றால், ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் மூளைக்குள் நுழைவதே இல்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு அதை உள்ளே விடாது. தனக்கு வேண்டியதை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் மிகுந்திருக்கும் எல்டிஎல் செய்யும் வேலை வேறு. கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்களிலும், மூளைக்குள் போகும் குழாய்களிலும் அது படிந்து, சுவரைத் தடிக்கச் செய்கிறது. உடல் உறிஞ்சும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை மூளை மட்டுமே கேட்கிறது. குழாய் குறுகினால் முதலில் தவிப்பது அதுதான். கை கால் இழுக்காமல், பேச்சு குழறாமல், யாருக்கும் தெரியாமலே சிறு அடைப்புகள் நேர்ந்து தழும்புகளாக நின்றுவிடுகின்றன. அப்பாவின் படத்தில் நான் பார்த்தவை அவைதாம். அவை எந்த ஆண்டில் எந்த நாளில் விழுந்தன என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

நடுவயது என்று அழுத்திச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 75, 80 வயதில் கொலஸ்ட்ராலை அளந்து பார்த்த ஆய்வுகள் சிலவற்றில், மறதி நோய் உள்ளவர்களுக்கு அது குறைவாகவே இருந்தது. நோய் வெளியே தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே பசி குறைகிறது, எடை குறைகிறது, அதோடு கொலஸ்ட்ராலும் குறைகிறது. இதை அறியாமல், வயதானவர்களுக்குக் கொழுப்பு கூடினால் நல்லது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. குழாய்ச் சுவரில் படிவு 40, 50 வயதுகளிலேயே சேர்ந்துகொண்டிருக்கிறது. அப்போது நமக்கு வலியும் இல்லை, அறிகுறியும் இல்லை, பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் அலுவலகமும் தவிர வேறு நினைவும் இல்லை.

மாத்திரையைப் பற்றி நேராகச் சொல்லிவிட வேண்டும். கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் என்னும் மாத்திரை மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கிறது என்பதில் ஐயமே இல்லை. அது மறதி நோயையும் தடுக்குமா என்பதற்கு அப்படிப்பட்ட உறுதி கிடைக்கவில்லை. 2002-இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் நினைவாற்றலில் வேறுபாடு தெரியவில்லை. அவற்றுள் ஒன்றில் மட்டும் 20,536 பேர் இருந்தார்கள். அதே முடிவு இன்னொன்றையும் சொல்கிறது: ஸ்டாட்டின் சாப்பிட்டால் மூளை மழுங்கிவிடும் என்று நம் சொந்தக்காரர்கள் பரப்பும் அச்சத்துக்கும் அந்தச் சோதனைகளில் ஆதாரம் இல்லை. சோதனைகள் ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன, நோயோ இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே நான் மாத்திரையைச் சாப்பிடுகிறேன், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் மாட்டேன். ஆனால் மூளைக்கான என் கடமை அதோடு முடிந்துவிட்டதாக நினைக்கவில்லை. எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு வகையினரைப் பார்க்கிறேன். மாத்திரை சாப்பிடுவதால் எதையும் சாப்பிடலாம் என்பவர்கள் ஒரு வகை. நடப்பதால் மாத்திரை வேண்டாம் என்பவர்கள் மற்றொரு வகை. இரண்டு கணக்கும் தவறு என்றே எனக்குப் படுகிறது. எல்டிஎல் ஒரு வழியில் குழாயைக் கெடுக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் புகையும் வேறு வழிகளில் அதே குழாயைக் கெடுக்கின்றன. ஏற்கெனவே ஒரு பக்கம் அடி வாங்கிக்கொண்டிருக்கும் குழாய்க்கு மற்ற அடிகள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய தேவை, கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம்.

பழக்கங்களை மாற்றினால் பலன் உண்டா என்பதை முறையாகச் சோதித்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். மியா கிவிபெல்ட்டோ என்னும் மருத்துவர் தலைமையில் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2015-இல் வெளிவந்தது. 60 முதல் 77 வயதுவரை உள்ள 1,260 பேரை அதில் சேர்த்தார்கள். வயது, கல்வி, ரத்த அழுத்தம், உடல் பருமன், மொத்தக் கொலஸ்ட்ரால், உடலுழைப்பின்மை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, ஆபத்து கூடுதலாக உள்ளவர்களையே தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் அது என்னைப் போன்றவர்களின் குழு. பாதிப் பேருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும் தரப்பட்டது. மற்ற பாதிக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தம் முதலியவற்றைத் தொடர்ந்து கவனிப்பது என எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டுகள் தரப்பட்டன. முடிவில், சிந்தனைத் திறனுக்கான மொத்த மதிப்பெண்ணில் இரண்டாம் குழுவின் முன்னேற்றம் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. மறதி நோயே வராது என்று அது நிறுவவில்லை, இரண்டு ஆண்டுகளில் அதை நிறுவவும் முடியாது. ஒன்றை மட்டும் செய்யாமல் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தார்கள் என்பதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

பின்லாந்து உணவை அல்சூரில் சமைக்க முடியாது, சமைக்கவும் தேவையில்லை. எங்கள் வீட்டில் நான் முதலில் பார்த்தது எண்ணெயை. தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மை, தாவர உணவு எதிலும் சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் ரத்தத்தில் எல்டிஎல்-ஐ ஏற்றுவதில் உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைகொழுப்புக்குத்தான் பங்கு அதிகம். ரத்தத்திலிருந்து எல்டிஎல்-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் இருக்கின்றன. இதைக் கண்டறிந்ததற்காகத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்னும் விஞ்ஞானிகள் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைகொழுப்பு மிகுந்தால் அந்த ஏற்பிகள் குறைகின்றன, எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. தேங்காய் எண்ணெய், நெய், வெண்ணெய், பாமாயில், டால்டா எல்லாமே நிறைகொழுப்பை நிறையக் கொண்டவை. ஆகவே பொரியலுக்கும் தாளிப்புக்கும் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் என்று மாற்றிக்கொண்டேன். அளவையும் குறைத்தேன், மூன்று பேருக்கு மாதம் நான்கு லிட்டர் ஆன வீட்டில் இப்போது ஒன்றரை லிட்டர் ஆகிறது. மாலையில் அலுவலகத்திலிருந்து வரும் வழியில் தர்சினி என்னும் சிற்றுண்டிக் கடையில் வெண்ணெய் தோசையோ போண்டாவோ சாப்பிடும் பழக்கத்தை விடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. அந்த நேரத்துப் பசிக்கு இப்போது சுண்டல் கொண்டுபோகிறேன். கரையும் நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றுவதால், புதிய பித்தநீரைத் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுக்க வேண்டியிருக்கிறது. கொண்டைக்கடலை, காராமணி, ஓட்ஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய், கொய்யா என அது கிடைக்கும் பொருள்கள் எல்லாம் நம் கடைத்தெருவிலேயே இருக்கின்றன. மார்கழியில் பெங்களூர் முழுவதும் குவியும் அவரேகாளு என்னும் மொச்சையை, பொரித்துச் சேவுடனும் மிக்ஸருடனும் சேர்த்துத் தின்னாமல் குழம்பில் போட்டுச் சாப்பிட்டால் அதுவும் நல்ல உணவுதான்.

நடை பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு என்பதில்தான் தயக்கம். பிரிட்டனில் 78,430 பேருக்கு மணிக்கட்டில் கருவி கட்டி அளந்த ஆய்வு 2022-இல் வெளியானது. நாளுக்கு ஏறத்தாழ 3,800 அடிகள் நடந்தவர்களுக்கே மறதி நோய் 25 சதவீதம் குறைவாக இருந்தது. 9,800 அடிகள் நடந்தவர்களுக்கு ஏறத்தாழ பாதியாக இருந்தது. நடப்பவர்கள் ஏற்கெனவே உடல்நலம் கூடியவர்களாக இருக்கலாம் என்பதால், முழுப் பலனையும் நடைக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் 3,800 என்ற எண் எனக்குத் தெம்பு கொடுத்தது. அல்சூர் ஏரிக்கரையில் காலையில் கொஞ்ச நேரம், அலுவலகத்துக்கு மெட்ரோவில் போய் ஒரு நிலையம் முன்னதாக இறங்கி நடப்பது என்று சேர்த்தால் அதைத் தாண்டிவிடுகிறேன்.

இங்கே நம் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா ஓய்வு பெற்ற நாளிலிருந்து நாங்கள் அவரை உட்கார வைத்தோம். மார்க்கெட்டுக்கு அண்ணன் போனான், தண்ணீர்க் குடத்தை நான் தூக்கினேன், "மாமா, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணி காப்பியையும் செய்தித்தாளையும் கையில் கொடுத்தார்கள். அண்ணியின் அன்பில் ஒரு குறையும் இல்லை. மாமனாரை வேலை வாங்குகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. 36 ஆண்டுகள் நின்றுகொண்டே கையும் கண்ணும் கணக்குமாக உழைத்த மனிதருக்கு, 58 வயதிலேயே நடப்பதற்கும் யோசிப்பதற்கும் பேரம் பேசுவதற்கும் இருந்த காரணங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டோம். பெரியவர்களுக்கு மரியாதை என்ற பெயரில் நாம் செய்யும் இந்தக் காரியம் பல வீடுகளில் நடக்கிறது. உங்கள் வீட்டிலும் நடக்கிறதென்றால், தயவுசெய்து இன்றே அவர்கள் கையில் ஒரு வேலையைத் திருப்பிக் கொடுங்கள்.

அப்பாவின் காது கேளாமையையும் நாங்கள் அப்படித்தான் விட்டுவிட்டோம். சத்தமாகப் பேசினால் கேட்கிறதே என்று இருந்துவிட்டோம். நான் முன்பு சொன்ன 14 காரணங்களில், எல்டிஎல்-க்குச் சமமாக 7 சதவீதம் பெற்றிருப்பது காது கேளாமைதான். அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரை உள்ள 977 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2023-இல் வந்தது. மொத்தக் குழுவைப் பார்த்தால் கேட்கும் கருவியால் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இதய நோய் ஆய்விலிருந்து சேர்க்கப்பட்ட, மறதிக்கான ஆபத்து கூடிய பகுதியினரை மட்டும் பார்த்தால், மூன்று ஆண்டுகளில் சிந்தனைத் திறன் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்திருந்தது. ரத்தக்குழாய்களில் ஏற்கெனவே தொல்லை உள்ளவர்களின் வீட்டில் இதை உடனே கவனிக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுதான் காரணம். சென்ற மாதம் அப்பாவுக்குக் கருவி வாங்கினோம். முதல் வாரம் கழற்றிக் கழற்றி வைத்தார். இப்போது காலையில் தானே கேட்டு வாங்கி மாட்டிக்கொள்கிறார்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இயல்பாகவே கிடைத்திருக்கும் ஒரு நன்மையையும் குறிப்பிட வேண்டும். ஹைதராபாத்தில் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வாழும் நாம், நம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குள் மட்டும் ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

உறக்கத்தில் நான் இன்னும் தேறவில்லை. 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு மறதி நோய் 30 சதவீதம் கூடுதலாக இருந்ததென்று லண்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2021-இல் சொன்னது. இரவு பத்தரைக்குக் கைபேசியைக் கூடத்திலேயே வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன். புகையிலையும் மதுவும் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

கொலஸ்ட்ராலும் மறதியும் ஒரே ஆளிடம் சேர்ந்து தெரிந்தால், தைராய்டையும் பி12 அளவையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்டிஎல்-உம் ஏறும், நினைவும் மந்தமாகும். சைவ உணவு மட்டுமே உண்பவர்களுக்கு பி12 குறைவது சாதாரணம், அதுவும் மறதியைப் போலவே தோன்றும். இரண்டுமே மருந்தால் சீராகக்கூடியவை. என் பெரியம்மாவுக்கு முதுமை மறதி என்று நாங்களே முடிவு கட்டியிருந்தது, கடைசியில் பி12 குறைவாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் என் எல்டிஎல் 104 வந்திருக்கிறது. அண்ணன் தொலைபேசியில், "எண் சரியாயிடுச்சே, மாத்திரை இன்னும் எதுக்கு?" என்று கேட்டான். அவனுக்கும் பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறேன். அவனுக்கு 54 வயது, இதுவரை ஒரு முறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அப்பாவைக் காய்கறி வாங்க அழைத்துப் போகிறேன். கடைக்காரரிடம் கன்னடத்தில் விலை கேட்பது அவர்தான். சில்லறையை எண்ணும்போது தடுமாறுகிறார், நான் குறுக்கிடாமல் நிற்கிறேன். போன வாரம் தக்காளியைக் கையில் எடுத்து, தோலின் மேல் விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்து, இரண்டை மட்டும் தனியே ஒதுக்கி வைத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, பையில் இருந்த எல்லாம் நல்ல பழங்களாக இருந்தன.